வாசகரைச் சேர்க்கும் வழி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் இளைஞர் மன்றக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவின் நினைவாக ஓர் இதழைத் தொடங்குவதென இளைஞர் மன்றத்தார் தீர்மானித்துள்ளனர். மகிழத்தக்க தீர்மானம். அதன் மாதிரிப் படியொன்றை நம் கையில் தந்து, "இதனைப் பலர் படிக்கும்படி செய்வது எவ்வாறு என்று பேசுங்கள்" எனப் பணித்தனர். படியை முதலிலிருந்து முடிவுவரை படித்தோம். பதினாறு பக்கங்கள். திரைப்படத் திறனாய்வு இருக்கிறது; கிரிக்கெட் இருக்கிறது; கவிதைகள் ஏழு இருக்கின்றன; உலக அரசியல் இருக்கிறது; சமையற் குறிப்பும் இருக்கிறது. இராசி பலன் ஒன்றுதான் இல்லை. அதற்காகவேனும் ஆசிரியர் குழுவைப் பாராட்ட வேண்டும். பதினோராம் பக்கத்தின் அடியில், கால் பக்க அளவில், கல்லூரி மாணவர்க்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது.

தோழர்களே, அந்தக் கால் பக்கமே உங்கள் இதழ் என்பது நம் கருத்து. மற்றப் பதினைந்தே முக்கால் பக்கத்தையும் நம்மைவிடப் பன்மடங்கு பணமும் ஆளும் படைத்தவர்கள் ஏற்கெனவே அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லார்க்கும் எல்லாம் தருகிறோம் என்று புறப்படும் சிறிய இதழுக்கு, இது என்னுடையது என்று உரிமையோடு கேட்டு வாங்கும் வாசகர் ஒருவரும் அமைவதில்லை. இது நாம் புதிதாகக் கண்ட உண்மையன்று. நம் முன்னோர் நூறாண்டுக்கு முன்னரே இதனை அறிந்து இதழ் நடத்தினர். ஆதலின் அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

1893ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார். நான்கு பக்கம்; மாதம் ஒருமுறை; விலை இரண்டணா. தொடக்கச் செலவு பத்து ரூபாய் என்று அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முதல் இதழில் நானூறு படிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன என்பதும் அவர் தரும் செய்தியே. எழுத்தறிவு என்பதே நம் தெருக்களுக்கு எட்டாதிருந்த காலத்தில் நானூறு படி என்பது எத்துணைப் பெரிய எண் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாதங்களில் அது வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது.

எதனால் விற்றது? பெயரே முதற்காரணம். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்து, "ஆம், நாங்கள்தாம் பேசுகிறோம்" என்று நின்றார். அப்பெயர் கூடாதென்று பண்டிதர் அயோத்திதாசர் மறுத்துரைத்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. இருவர் கருத்துக்கும் தக்க காரணங்கள் இருந்தன. எவ்வாறாயினும், இதழ் யாருக்காக வருகிறது என்பதில் அப்பெயரைக் கண்ட எவருக்கும் ஐயம் எழவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் அந்நாளில் கோரினர். அவ்வாறு நடந்தால் உயர்சாதியாரே பதவிகளை நிரப்புவர், நம்மவர்க்கு நீதி கிட்டாது என்பது சீனிவாசனாரின் வாதம். அவ்வாதம் முழுதும் சரியா என்பதை வரலாற்று மாணவர்கள் இன்றும் விவாதிக்கலாம். நாம் இங்கே காண வேண்டுவது வேறு. அந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு இதழ் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கெனக் கூட்டம் கூடியது. 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்குச் சென்றது. இதழைப் படித்தவர் கையொப்பமிட்டார். கையொப்பமிட்டவர் இதழைத் தேடி வாங்கினார். செய்வதற்கு ஒரு வேலையை வாசகர் கையில் கொடுத்த இதழ் அது. அதனாலேயே அது கைவிட்டுக் கை சென்றது.

இனி, 'தமிழன்'. 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். விலையையே பெயரில் வைத்துவிட்டார்! இது ஏழைக்கும் எட்டும் என்று அறிவிக்க இதனினும் சுருக்கமான விளம்பரம் உண்டோ? ஓராண்டு கழிந்து, வாசகர் வேண்டியதை ஏற்று, 1908 ஆகஸ்டு 26 முதல் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. 1914ஆம் ஆண்டு மே மாதம் பண்டிதர் மறையும் வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், அவர் கைப்பட அது நடந்தது.

அவ்விதழை இன்று எடுத்துப் புரட்டுவோர், அதில் பலவும் உள்ளனவே என்று வியப்பர். வரலாற்றுத் தொடர் உண்டு; இலக்கணமும் சொல்லாராய்ச்சியும் உண்டு; மருத்துவக் குறிப்பு உண்டு, ஏனெனில் அவர் சித்த மருத்துவர்; வாசகர் ஐயங்களுக்கு விடையும் அரசியல் செய்திகளும் உண்டு. அப்படியாயின் நாம் சொன்ன ஒருமுகம் எங்கே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நன்றாக ஊன்றிப் பாருங்கள். அத்தனையும் ஒரே கேள்வியின் கிளைகள்: "நாம் யார்? இந்நிலைக்கு எவ்வாறு வந்தோம்?" இந்திரர் தேசத்துச் சரித்திரத்தை எழுதினாலும், ஒரு சொல்லுக்குப் பொருள் விளக்கினாலும், பண்டிகையொன்றின் பிறப்பை ஆராய்ந்தாலும் அவர் அக்கேள்விக்கே விடை கூறிக்கொண்டிருந்தார். ஒருமுகம் என்பது வறட்சியன்று. உங்கள் மாதிரிப் படியிலுள்ள ஏழு கவிதைகளில் விடுதி மாணவன் ஒருவன் ஊருக்கு எழுதுவதாக அமைந்த கவிதை ஒன்றுண்டு. அது இருக்கட்டும். மற்ற ஆறனையும் இயற்றியோர் நம்மைப் பொறுத்தருள்க.

'தமிழன்' இராயப்பேட்டையில் அச்சானது. ஆனால் அதன் வாசகர் இராயப்பேட்டையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வடஆற்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற நம்மவர் பல்லாயிரவர், அங்கே நிலத்தடியில் பல்லாயிரம் அடி ஆழத்தில் பொன் வெட்டினர். பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய இடங்களுக்கெல்லாம் அது பயணம் செய்தது. இதற்கு அவரிடம் பெருஞ்செல்வம் இருந்ததா? இல்லை. விற்பனை முகவர்களுக்குக் கொட்டிக் கொடுத்தாரா? அதுவும் இல்லை. சாக்கிய பௌத்த சங்கம் எங்கெல்லாம் கிளை கண்டதோ அங்கெல்லாம் இதழுக்கு ஒரு வீடு கிடைத்தது. சங்கத்தார் கூடினர், எழுத்தறிந்த ஒருவர் படித்தார், அறியாதவர் கேட்டனர், எழுந்த ஐயங்களைக் கடிதமாக்கி அனுப்பினர். அக்கடிதம் இதழில் அச்சேறி விடையோடு திரும்பி வந்தபோது அவ்வூர் முழுவதும் அதனைப் படித்தது. தங்கவயல் கூட்டத்தின் செய்தி இரங்கூனில் படிக்கப்பட்டது. இவ்வாறு இதழ் தன் வாசகரைத் தன்னோடு மட்டுமன்றி, அவர்களுள் ஒருவரை மற்றவரோடும் இணைத்தது.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஓர் இதழின் வளர்ச்சி அதனைப் புதிதாக எத்தனை பேர் வாங்கினர் என்பதில் மட்டும் இல்லை. எத்தனை இடங்களில் அதன் பெயர் பிறர் வாயால் சொல்லப்படுகிறது என்பதிலேயே பெரிதும் உள்ளது. நம்மை நாமே புகழ்ந்தால் அது விளம்பரம். நம்மோடு தொடர்பில்லாத ஒருவர், தம் வாசகரிடம், "இச்செய்தியை இன்ன இதழிற் காண்க" என்று சொன்னால் அது சான்று. ஒரு சான்று ஊருக்குள் செல்லும் தூரம் ஒரு விளம்பரம் செல்லாது.

இணையத்தில் தேடுபொறி நடத்துவோரும் இதே உண்மையைத்தான் கணக்காக்கினர். 1998ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு பக்கத்தின் மதிப்பை அதனைச் சுட்டும் பிற பக்கங்களைக் கொண்டு அளப்பது அம்முறை. சுட்டுவோர் எண்ணிக்கை மட்டும் போதாது. சுட்டுபவர் எத்தகையவர் என்பதும் கணக்கில் சேரும். பலராலும் மதிக்கப்படும் ஒருவர் காட்டும் விரலுக்கு எடை மிகுதி. ஆய்வு நூல்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் மரபிலிருந்து எடுத்த கருத்து அது. உடனே என்ன நடந்தது? சுட்டுகளை விலைக்கு விற்கும் வணிகம் முளைத்தது. ஒருவரே நூறு பெயரில் நூறு பக்கம் அமைத்துத் தம்மைத் தாமே சுட்டிக்கொண்டனர். 2012ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் அத்தகைய போலிகளைக் கண்டறிந்து கீழே தள்ளும் மாற்றத்தைச் செய்தது. பணம் கொடுத்துப் பெற்ற உயரம் பலருக்கு ஒரே நாளில் சரிந்தது. நீங்கள் தொடங்கும் இதழ் அச்சிலும் வரும், இணையத்திலும் ஏறும் என்கிறீர்கள். இரண்டிற்கும் விதி ஒன்றே என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

ஆனால் சுட்டுதல் எல்லார்க்கும் ஒப்பக் கிடைப்பதில்லை. நம்மவர் இதழ்களுக்கு அது மறுக்கப்பட்ட வரலாறும் உண்டு. 1920ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் அரசர் சாகு மகாராசர் 2,500 ரூபாய் நன்கொடை அளித்தார். இவ்வாறு ஓர் இதழ் வருகிறது என்னும் அறிவிப்பைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடுமாறு, திலகர் தொடங்கிய 'கேசரி' இதழை அணுகினர். பணம் தருகிறோம் என்றும் அது மறுத்துவிட்டது. அண்ணல் இதனைப் பின்னாளில் எழுதி வைத்தார். இலவசப் புகழ்ச்சியைக் கேட்கவில்லை. விலைக்கு ஓர் இடம் கேட்டார். அதுவும் இல்லையென்றால், ஒரு சமூகத்தின் குரலைப் பற்றிய செய்திகூடத் தம் பக்கத்தில் படியலாகாது என்பதுதானே பொருள்?

'மூக்நாயக்' 1923இல் நின்றது. அண்ணல் மேற்படிப்புக்காக இலண்டனில் இருந்தார். இங்கே பொருளும் ஆளும் போதவில்லை. அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. 1927 ஏப்ரலில் 'பகிஷ்கிருத பாரத்' தோன்றியது. மகாடு சவுதார் குளத்தில் நீரருந்தும் உரிமைப் போராட்டம் அதற்கு முந்தைய மாதம் நிகழ்ந்தது. போராட்டத்தின் செய்தியும் விளக்கமும் எதிர்ப்புக்கு விடையும் இதழில் வந்தன. மக்கள் அதனைத் தேடினர். பெரிய இதழ்கள் கதவடைத்தபோது கூட்டங்களும் சங்கங்களும் மன்றங்களும் அவருக்குச் சுட்டு விரல்களாயின. 1930இல் 'ஜனதா', 1956இல் அதன் பெயர் 'பிரபுத்த பாரத்' என மாறியது. பெயர்கள் மாறின, பேசிய பொருள் மாறவில்லை.

இளைஞர்களே, நம்மவர் எழுத்துக்குப் பிறர் சுட்டு என்பது வாசகரைக் கூட்டும் உத்தி மட்டுமன்று. அது உயிர்ப் பிரச்சினை. 'பறையன்' இதழ் ஏழாண்டுகள் நடந்தும் அதன் முழுத் தொகுப்பு இன்று நமக்குக் கிட்டவில்லை. அதில் என்ன எழுதினார்கள் என்பதை எவ்வாறு அறிகிறோம்? சீனிவாசனார் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொன்னவற்றாலும், அக்காலத்து அரசாங்கம் நாட்டு மொழி இதழ்களைக் கண்காணித்து எழுதிவைத்த ஆங்கிலச் சுருக்கங்களாலும் அறிகிறோம். ஜெ. பாலசுப்பிரமணியம் அவர்கள் 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களை ஆராய்ந்து 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்னும் நூலை எழுதியுள்ளார். 'சூரியோதயம்', 'திராவிட பாண்டியன்', 'மகாவிகடதூதன்', 'பூலோக வியாசன்', ஒரு பெண்மணி நடத்திய 'தமிழ்ப்பெண்' என அதில் வரும் பட்டியலைப் படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது; அடுத்த கணமே கலங்குகிறது. ஏனெனில் அவற்றுட் பல இன்று வெறும் பெயர்கள். அப்பெயர்களும் வேறோர் இதழோ ஆவணமோ போகிறபோக்கில் குறிப்பிட்டமையால் எஞ்சியவை. யாராலும் சுட்டப்படாத இதழ்கள் இன்னும் எத்தனையோ!

'தமிழன்' பிழைத்தது. பண்டிதர் மறைவுக்குப் பின்னும், 1926 முதல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். பழைய படிகளைத் தங்கள் இல்லங்களில் காத்துவைத்த அன்பர்கள் இருந்தனர். அதனாலன்றோ 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்களின் பதிப்பாகப் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் வெளிவர முடிந்தது! எண்பத்தைந்து ஆண்டுகள் உறங்கிய எழுத்து, வாசகர் வீட்டுப் பெட்டியிலிருந்து எழுந்து வந்தது. பரவலாகச் சென்ற இதழ் பல இடங்களில் தங்கியது. பல இடங்களில் தங்கியமையால் ஏதேனும் ஓரிடத்தில் உயிரோடிருந்தது.

இனி நம் இதழுக்கு வருவோம். கல்வி உதவி என்னும் ஒரே பொருளைக் கொள்ளுங்கள் என்கிறோம். பள்ளிப் படிப்பை முடித்து மேலே பயிலும் நம் பிள்ளைகளுக்கான நடுவணரசு உதவித்தொகை 1944ஆம் ஆண்டு, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. எண்பது ஆண்டு கடந்த திட்டம். எனினும் ஒவ்வோராண்டும், சான்றிதழில் ஓரெழுத்துப் பிழை, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாமை, கடைசி நாள் தெரியாமை ஆகிய சிறு காரணங்களால் அத்தொகை வந்து சேராத பிள்ளைகள் நம் தெருக்களிலேயே உள்ளனர். கட்டணம் செலுத்த இயலாமல் இரண்டாம் ஆண்டில் கல்லூரியை விட்டு வந்த பிள்ளைகளை இந்த அவையிலேயே பலர் அறிவீர்கள். இதனைப் பற்றி வாரந்தோறும், மாதந்தோறும், பிழையின்றி, நம் மொழியில் எழுதும் இதழ் எங்கே? அந்த இடம் காலியாக உள்ளது. காலியான இடத்தில் சிறியவரும் நிற்கலாம். நெருக்கத்தில் நின்றால் நசுங்குவோம்.

யார் நம்மைச் சுட்டுவர்? பெரிய நாளிதழின் வாயிலில் போய் நிற்பதற்கு முன், அருகிலுள்ளவரை எண்ணுங்கள். இ-சேவை மையம் நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஐயத்தை நாளொன்றுக்கு நாற்பது பேர் அவரிடம் கேட்கின்றனர். தேவையான சான்றுகளும் வழக்கமாக நேரும் பிழைகளும் அடங்கிய ஒரு பக்கத்தை நீங்கள் கொடுத்தால், தம் வேலை குறையுமென்றே அவர் அதனைச் சுவரில் ஒட்டுவார். நம்மீது அன்பு கொண்டு ஒட்ட வேண்டுமென்பதில்லை. விடுதிக் காப்பாளர், மேனிலைப்பள்ளித் தலைமையாசிரியர், கிளை நூலகர், ஆசிரியர் சங்க இதழின் ஆசிரியர் ஆகிய ஒவ்வொருவருக்கும் நம் பக்கம் எவ்வகையில் பயன்படும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்கள் இதழுக்கு ஆதரவு தாருங்கள்" என்று எழுதும் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். "உங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்போர்க்கு இது உதவும், விரும்பினால் படியெடுத்துக் கொள்ளுங்கள், எங்கள் பெயரை மட்டும் அடியில் விட்டுவையுங்கள்" என்று எழுதினால் அது மேசைமீது இருக்கும்.

நாமும் பிறரைச் சுட்ட வேண்டும். நம் மாவட்டத்திலேயே இதே பணியைச் செய்யும் வேறு சங்கங்கள் உள்ளன. அவற்றோடு நமக்குள்ள பழைய மனத்தாங்கல்களை இந்த அவை அறியும். நல்ல செய்தியை அவர்கள் எழுதினால் அவர்கள் பெயரைச் சொல்லியே எடுத்தாள வேண்டும். பெயரை மறைத்து எடுத்தால் அது திருட்டு. அன்றியும், நம் பெயரை அவர்கள் சொல்லும் வாய்ப்பையும் நாமே அடைத்தவராவோம். நம் படியை அவர்க்கு அனுப்பி அவர் படியைப் பெறும் பழைய வழக்கத்தை முதல் இதழிலிருந்தே தொடங்குங்கள்.

எண்ணிக்கை பற்றி ஒரு சொல். முதலில் ஆயிரம் படி அச்சிட வேண்டுமென்று ஒரு தோழர் கூறினார். வேண்டா. முந்நூறு போதும், எட்டுப் பக்கம் போதும். ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும். பண்டிதரின் இதழ் புதன்கிழமை வரும் என்று தங்கவயல் சுரங்கத் தொழிலாளி அறிந்திருந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு என்று முகப்பில் நீங்கள் அச்சிட்டால், அந்த ஞாயிறு மழை பெய்தாலும் தேர்தல் வந்தாலும் இதழ் வர வேண்டும். விடுபட்ட ஓர் இதழ் பத்து வாசகரைக் கொண்டுபோகும். ஒவ்வோர் இதழிலும் ஐந்து படிகளைத் தனியே எடுத்து, ஒன்றைக் கழக நூலகத்திலும், மற்ற நான்கை வெவ்வேறு ஊர்களிலுள்ள நான்கு நூலகங்களிலும் சேர்ப்பிக்க வேண்டும். இதற்கு ஆகும் அஞ்சற் செலவை அச்சுச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று ஒதுக்காதீர்கள்.

விண்ணப்பத்தின்போது தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்ந்த இடையூறுகளைத் தாய்மார்கள் சொல்ல, அதனை எழுதிக்கொள்வதற்கு மன்றத்துப் பெண்கள் இருவர் மண்டபத்தின் பின்புறம் மேசையிட்டு அமர்ந்துள்ளனர். எந்த ஆண்டு, எந்த அலுவலகம், எந்தச் சான்று, எத்தனை முறை அலைந்தீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்று எவரும் ஒதுங்க வேண்டா. முதல் இதழின் முதல் பக்கம் அக்குறிப்புகளிலிருந்தே எழுதப்படும். உணவு வேளைக்குப் பின்னும் மேசை இருக்கும் என்று மன்றச் செயலாளர் தெரிவிக்கிறார்.